பல்லாவரத்துக் கல்லை அடையாளம் கண்டவர்



புனித தோமையார் மலையில் ஏறாத சென்னைக் கத்தோலிக்கர்கள் மிகச் சிலரே. தவக்காலத்தில் சிலுவைப் பாதை செய்யவும், நேர்ச்சையை நிறைவேற்றவும் நாம் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறோம். ஏறும்போது நம் கண் மலையுச்சியில் உள்ள ஆலயத்தை நாடுகிறது. காலடியில் கிடக்கும் கருஞ்சாம்பல் நிறப் பாறையை நாம் கவனிப்பதில்லை. கவனித்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த மலையும் அதன் சுற்றுப்புறமும் ஒரு பெரிய நூலகம் போன்றவை.

அந்த மலையிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பல்லாவரம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், அங்கே இராணுவ அணிவகுப்புத் திடலுக்கு அருகே, சரளைக்காக வெட்டப்பட்ட ஒரு குழியில் ஒரு மனிதர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு அந்தக் கல் முதற்சான்றாயிற்று. அவர் பெயர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய வரலாற்றுக்கு முற்பட்ட ஆய்வின் தந்தை என்று அறிஞர்கள் அவரை அழைக்கிறார்கள். கல்லைப் பொறுக்குகிறவர்கள் பலர் உண்டு. பொறுக்கிய கல் இன்னது என்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் சிலரே. அத்தகைய ஒருவரின் வாழ்வைச் சற்றுச் சிந்திப்போம்.

சென்னைக்கு வந்த இளைஞர்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டின் இறுதியில், தம் 24-ஆம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தின் பாறைகளையும் மண் அடுக்குகளையும் நடந்து பார்த்து, வரைபடம் தயாரிப்பதே அவருக்குத் தரப்பட்ட பணி. பழங்கால மனிதரைத் தேடுமாறு யாரும் அவரை அனுப்பவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் மண்ணோடு அவருக்கு இருந்த உறவு பணியோடு முடிந்துவிடவில்லை. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மறைப்பணியாளராக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் இவர். பின்னர் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பணியாற்றினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் நூலாக வெளியிட்டவரும் இவரே. மாமனார் ஊர் ஊராகக் கேட்டுப் பழமொழிகளைச் சேர்த்தார். மருமகன் ஊர் ஊராக நடந்து கற்களைச் சேர்த்தார். சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்திப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் இருவரும் ஒத்திருக்கிறார்கள்.

ஒரு சுங்க அதிகாரியின் கதை

பல்லாவரத்துக் கல்லை ஃபூட் ஏன் அடையாளம் கண்டுகொண்டார் என்று அறிய, நாம் பிரான்சு நாட்டுக்குச் சற்றுச் செல்ல வேண்டும். அங்கே சோம் நதிக்கரையில் உள்ள அப்பேவில் நகரில் பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி இருந்தார். அவர் நிலவியல் படித்தவர் அல்லர். ஆர்வத்தால் மட்டுமே சேகரித்தவர். ஆற்றங்கரைச் சரளையில், அழிந்துபோன யானை இனங்களின் எலும்புகள் கிடைத்த அதே அடுக்கில், மனிதர் செதுக்கிய கற்களும் கிடைக்கின்றன என்று அவர் 1840-களில் எழுதினார். கற்றவர்கள் அவரை நம்பவில்லை. அவருடைய சேகரிப்பில் சாதாரண உடைகற்களும் கலந்திருந்ததால் அவர்களுடைய ஐயம் இன்னும் வலுத்தது.

1858-இல் ஹ்யூ ஃபால்கனர் என்பவர் அவருடைய சேகரிப்பை நேரில் பார்த்தார். வட இந்தியாவின் சிவாலிக் மலைகளில் பழைய விலங்குகளின் புதைபடிவங்களைப் பல ஆண்டுகள் ஆய்ந்தவர் இவர். இவருடைய தூண்டுதலால் 1859-இல் பிரெஸ்ட்விச், ஈவான்ஸ் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் அப்பேவில் நகருக்கே சென்றார்கள். குழியில் இறங்கி, கல் எந்த அடுக்கில் பதிந்திருக்கிறது என்பதைத் தம் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகே அந்தச் சுங்க அதிகாரி சொன்னதில் உண்மை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது.

இந்தச் செய்திகளை ஃபூட் சென்னையிலிருந்தபடியே படித்திருந்தார். ஐரோப்பாவில் இருந்தது இங்கேயும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவர் மனத்தில் இருந்தது. ஆயத்தமாக இருந்த மனமே அந்தக் குழியில் கிடந்த கல்லைக் கண்டது.

கல் எவ்வாறு பேசுகிறது?

உடைந்த கல் எங்கும் கிடக்கிறது. மனிதர் செதுக்கிய கல் என்று எதை வைத்துச் சொல்வது? இது நியாயமான கேள்வி. ஃபூட் போன்றவர்கள் பார்க்கும் அடையாளங்கள் சில உண்டு.

முதலாவது, வடிவம். இயற்கையாக உடைந்த கல்லில் ஒழுங்கு இருப்பது அரிது. கைக்கோடரி எனப்படும் கருவி வாதுமைக் கொட்டை போல, ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டும் இருக்கும். இரண்டாவது, சில்லு பெயர்த்த தழும்புகள். கல்லின் இரு முகங்களிலும், விளிம்பைச் சுற்றிலும், வரிசையாக அவை காணப்படும். மலையிலிருந்து உருண்ட கல்லில் ஒன்றிரண்டு இடங்களில் அடிபட்டிருக்கலாம். விளிம்பு முழுவதும் முறையாக அடிபட்டிருக்காது. மூன்றாவது, தட்டிய இடத்தின் அடையாளம். இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டிப் பெயர்த்த சில்லில், தட்டிய இடத்துக்குக் கீழே சிறு புடைப்பும், அதைச் சுற்றி நீரலை போன்ற வளையங்களும் தெரியும். நான்காவது, கல்லின் இனம். பல்லாவரம் மலையின் பாறை சார்னோகைட். ஃபூட்டின் கையில் கிடைத்த கருவியோ குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லால் ஆனது. ஐரோப்பாவில் பழங்கால மனிதர் சிக்கிமுக்கிக் கல்லைப் பயன்படுத்தியது போல, நம் பகுதியில் வாழ்ந்தவர்கள் குவார்ட்சைட் கூழாங்கற்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஐந்தாவது: கல் கிடந்த இடம். எந்த ஊர், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்த மண் அடுக்கு என்ற குறிப்பு இல்லாவிட்டால், மிக அழகான கருவியும் பாதி ஊமையாகிவிடுகிறது. ஃபூட் நிலவியலாளர் என்பதால், செம்புரைச் சரளை அடுக்கின் பழைமையை வைத்தே கருவியின் பழைமையை எடைபோட முடிந்தது.

ஒரு கல்லோடு நிற்கவில்லை

ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஃபூட் உலகுக்கு முரசறையவில்லை. தம் உடன் பணியாளரான வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து மேலும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் அவர்கள் இருவரும் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்கே கருவிகள் மண் அடுக்கிலேயே பதிந்திருந்தன. பல்லாவரத்துக் கல் தற்செயலாக உடைந்தது என்று இனி எவரும் தள்ளிவிட முடியாத நிலை உண்டாயிற்று. பின்னரே ஃபூட் தம் முடிவுகளை விரிவாக எழுதி, சென்னையிலும் இலண்டனிலும் கற்றவர்களின் ஆய்வுக்கு வைத்தார்.

தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் அவர் தயங்கியதில்லை என்பதற்கு இரு சான்றுகள் போதும். இன்று கார் தொழிற்சாலைகளால் நாம் அறியும் திருப்பெரும்புதூர்ப் பகுதியில், பழங்காலச் செடிகளின் இலைப் பதிவுகள் கொண்ட அடுக்குகள் உண்டு. அந்த அடுக்குகளை ஆராய்ந்து ஃபூட் 1873-இல் விரிவாக எழுதினார். செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வேலையை, அதில் தேர்ந்த ஒட்டோகர் ஃபெய்ஸ்ட்மான்டல் என்பவர் 1879-இல் செய்தார். அதுபோலவே 1880-களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் ஃபூட்டும், இராணுவ அதிகாரியாக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் தோண்டி எடுத்த எலும்புகளை, ரிச்சர்ட் லைடெக்கர் என்ற அறிஞர் ஆய்ந்தார். அவற்றில் காண்டாமிருகத்தின் எலும்புகள் இருந்தன. தென்னிந்தியாவில் இன்று காண்டாமிருகம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பதை அந்த எலும்புகள் சொல்லின.

தோண்டியவர் ஒருவர், பெயர் சொன்னவர் வேறொருவர். இதனால் ஃபூட்டின் பெருமை குறைந்ததாக எவரும் எண்ணவில்லை. பங்குப் பணியிலும் பொதுப் பணியிலும் ஈடுபடும் நாம் இந்த மனப்பான்மையைக் கற்றுக்கொண்டால் எத்தனையோ பிணக்குகள் தீரும்.

கொடுத்துவிட்டுப் போனது

ஃபூட் 1891-இல் நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் பரோடா அரசுக்காகவும் பணியாற்றினார். சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 450-க்கும் மேற்பட்ட இடங்களில் அவர் சேர்த்த கருவிகளையும் மட்பாண்டங்களையும் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு நம் பிள்ளைகளைப் பலமுறை அழைத்துச் சென்றிருப்போம். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கற்களைக் கடந்துதான் நாம் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகிறோம்.

சேகரிப்பைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது, அது என்ன என்று விளக்கும் விரிவான பட்டியலை முதுமையிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கொல்கத்தாவில் இறந்தார். அந்தப் பட்டியல் 1914-இலும், அதற்கான விளக்கக் குறிப்புகள் 1916-இலும் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின. ஏற்காட்டில் உள்ள தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

அந்தப் பட்டியலின் பயனை நம் காலம் கண்டது. ஃபூட் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்தில், சென்னையைச் சேர்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் மீண்டும் அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011-இல் அறிவித்தார்கள். அடுத்த கட்டத் தொழில்நுட்பத்தைக் காட்டும் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் பழைமையானவை என்று 2018-இல் அறிவித்தார்கள். இந்த எண்களைக் கணிக்கும் வழி ஃபூட்டின் காலத்தில் இல்லை. இடத்தை நேர்மையாக எழுதிவைத்தது மட்டுமே அவர் செய்தது. மற்றதை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள் செய்தார்கள்.

நம் நம்பிக்கைக்கு இடறலா?

இத்தனை இலட்சம் ஆண்டுகள் என்றதும் தொடக்கநூலை நினைத்து மனம் கலங்குவோர் நம்மிடையே உண்டு. கலங்கத் தேவையில்லை. விவிலிய நூல்கள் எந்த இலக்கிய வகையில் எழுதப்பட்டன என்பதை ஆராய்ந்து படிக்க வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-இலேயே கற்பித்தார். படைத்தவர் யார் என்பதையும், மனிதர் யாருடைய சாயல் என்பதையும் தொடக்கநூல் நமக்குச் சொல்கிறது. பல்லாவரத்துச் சரளையின் வயதைச் சொல்வது அதன் நோக்கமன்று.

இன்னொரு சான்றும் நம் திருச்சபையிலேயே உண்டு. கோபன்ஹேகனில் 1638-இல் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ ஒரு மருத்துவர். 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையை அவர் அறுத்து ஆராய்ந்தார். நாக்குக் கல் என்று மக்கள் மருந்தாகவும் தாயத்தாகவும் வைத்திருந்த கற்கள், பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று விளக்கினார். மண் அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற நிலவியலின் அடிப்படை விதியை 1669-இல் எழுதியவரும் அவரே. அவர் கத்தோலிக்கராகி, குருவாகி, ஆயராகவும் ஆனார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். கல்லை உற்றுநோக்கிய கண் அவருடைய கடவுள் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

நம் கையில் ஒரு கல் கிடைத்தால்

இன்றும் நம் பங்குகளில் சிறுவர்கள் கடற்கரையிலோ, சுற்றுலா சென்ற இடத்திலோ பொறுக்கிய கல்லைக் கொண்டுவந்து, இது என்ன என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. அதே வேளையில் அவசரப்பட்டு அதிசயம் என்றும் சொல்லிவிடக் கூடாது.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்ற செய்தி கைப்பேசிகளில் பறந்தது. வல்லுநர்கள் பார்த்து, அவை பழங்காலக் கடலுயிரியான அம்மோனைட்டோடு தொடர்புடைய படிவு உருண்டைகள் என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் பலர் ஆர்வம் இழந்தார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் கடலுக்கடியில் இருந்தது என்ற உண்மை அவர்களுக்கு வியப்பாகப் படவில்லை. மயிலாப்பூர் மாடவீதி இல்லங்களில் நம் இந்து சகோதரர்கள் பூசையில் வைத்துப் போற்றும் சாளக்கிராமமும் அத்தகைய அம்மோனைட்டின் பதிவைத் தாங்கிய கல்லே. நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வருவது. இமயம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கு அது சாட்சி.

ஏமாற்றும் கற்களும் உண்டு. பாறை விரிசலில் மாங்கனீசு கலந்த நீர் புகுந்து உலர்ந்தால் பெரணி இலை போன்ற அழகிய கறுப்புக் கோலம் உண்டாகும். பார்ப்பவர் செடியின் பதிவு என்றே நினைப்பார். அதில் உயிர் ஒருபோதும் இருந்ததில்லை. மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழத் தோண்டும்போது வரும் கிளிஞ்சல்கள் எல்லாமே கோடி ஆண்டுப் புதைபடிவங்கள் ஆகிவிடாது.

எனவே சிலவற்றை நாம் கடைப்பிடிக்கலாம். மண்ணில் பதிந்திருக்கும் பொருளைப் பெயர்க்காமல், அளவு தெரியும்படி அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுப்போம். இடத்தையும் நாளையும் எழுதிவைப்போம். தண்ணீரும் அமிலமும் ஊற்றிச் சுத்தம் செய்யாமல் இருப்போம். எழும்பூர் அருங்காட்சியகத்திலோ, நிலவியல் துறை உள்ள கல்லூரியிலோ காட்டிக் கேட்போம். நிலத்தடியில் கிடைக்கும் மதிப்புள்ள பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அதையும் மறவாதிருப்போம். வெறும் கல் என்று அறிந்தவர் சொன்னால், முகம் வாடாமல் ஏற்றுக்கொள்வோம்.

ஃபூட் நின்ற பல்லாவரம் இன்று விமான நிலையத்தை ஒட்டிய நெரிசலான நகர்ப்பகுதி. அவர் பார்த்தது போன்ற சரளை அடுக்குகள் நம் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் மறைந்துகொண்டே வருகின்றன. அடித்தளம் தோண்டும் ஒவ்வொரு குழியிலிருந்தும் லாரி லாரியாக மண் வெளியேறுகிறது. அதில் என்ன போகிறது என்று பார்ப்பவர் இல்லை. எவரோ ஒருவர் குனிந்து பார்த்து, இடத்தைக் குறித்து, அறிந்தவரிடம் காட்டினால் மட்டுமே அது காப்பாற்றப்படும்.

ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்க விரும்பிய தோமையாரின் பெயரைத் தாங்கிய மலையின் நிழலில் நாம் வாழ்கிறோம். உண்மையைத் தொட்டுச் சோதிப்பதற்கு அஞ்சாத மனத்தையும், சோதித்துக் கண்டதை மறைக்காமல் பிறரிடம் ஒப்படைக்கும் தாராளத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அடுத்த விடுமுறை நாளில் அவர்களை எழும்பூருக்கு அழைத்துச் செல்வோம். அந்தக் கற்பேழைகளின் முன் சற்று நின்று, அவற்றைச் செதுக்கிய கைகளையும், குனிந்து எடுத்த கையையும் நன்றியோடு நினைப்போம்.